அக்காவின் வேம்பில் நம் ஆர்க்கிட்

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் லீவுக்குப் பேரையூர் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, இங்கே விளாங்குடியில் உங்கள் ஆர்க்கிட்டைப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். போனில் சொன்னால் அழுவீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது எல்லாம் நல்லபடியாகிவிட்டதால் எழுதுகிறேன். செடியைப் பார்த்துக்கொள்ளும் விதமும் இதிலேயே இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

சாலையோரம் வெட்டிப் போட்ட புளியமரக் கிளையிலிருந்து நான் லோடு வண்டியில் எடுத்து வந்த செடி அது. அம்மா அதைச் செம்மண்ணும் எருவும் போட்டுத் தொட்டியில் வைக்கத்தான் சொன்னாள். வைத்திருந்தால் வேர் அழுகியிருக்கும். இந்த வாண்டா வகைக்கு மண் ஆகாது. மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, காற்றிலும் மழையிலும் கிடைப்பதை வைத்துப் பிழைக்கும். அதனால்தான் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, முற்றத்து வேப்பமரத்தில் நாம் மூவரும் சேர்ந்து கட்டினோம். இலைகளுக்கு நடுவே சலித்து விழும் வெயில் அதற்குப் போதும்.

மரம் வீட்டுக்கார அக்காவுடையது. அதற்கு மஞ்சள் துணி சுற்றி, வெள்ளிதோறும் தண்ணீர் ஊற்றி, ஆத்தாளாகவே கும்பிடுகிறவர். சென்னையில் மகன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர் நேராக மரத்தடிக்குத்தான் போனார்.

“என்னா தம்பி, எம்மரத்துல புல்லுருவிய ஏத்தி விட்டிருக்கீக?”

“புல்லுருவி இல்லக்கா, ஆர்க்கிட்டு. கல்யாண மேடையில வைப்பாகள்ல, அந்தச் சாதி.”

“அப்ப மேடையில வைங்க. எங்க ஊருல ஒரு மாமரத்தப் புல்லுருவி குடிச்சே கொன்னுருச்சு. வெள்ளிக்கிழம தண்ணி ஊத்த வாரேன், அதுக்குள்ள எறக்கிருங்க.”

உங்கள் அம்மா எனக்கா ஒத்தாசை செய்தாள்? “வேரு பாக்க வெள்ளப் பூரான் ஊர்ற மாதிரித்தானக்கா இருக்கு” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர் அப்போதுதான் பட்டையைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை இடம் மாறிய செடி, இந்த வெயிலில் மறுபடி பிய்த்தெடுத்தால் பிழைக்காது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா குடத்தோடு வந்தார். நான் ஸ்பிரே பாட்டிலோடு நின்றேன். தண்ணீர் பட்டதும் வெள்ளை வேர் பச்சையாக மாறியது. நீங்களும் இதைத்தான் பார்க்க வேண்டும்: வேர் பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம், வெளுத்த பிறகு தெளிக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் தெளித்தால் உப்புப் படியும், குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வையுங்கள். குருத்துக்குள் தண்ணீர் தேங்கவும் கூடாது.

“கலரு மாறுது, சரி. உள்ள போயிக் குடிக்குதா இல்லையா, அதச் சொல்லுங்க” என்றார் அக்கா.

ஒரு வேரின் நுனியை நகத்தால் லேசாக நெம்பிக் காட்டினேன். கீழே பட்டை கீறலில்லாமல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு எறங்கல. நாளைக்கு எறங்கும்” என்றார்.

நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். உச்சிக்கிளை ஒன்றில் வேம்புக்குச் சம்பந்தமில்லாத தடித்த இலைகள் கொத்தாகத் தெரிந்தன.

“அக்கா, நெசப் புல்லுருவி அங்கன இருக்கு!”

அரிவாளோடு ஏறி, அந்தக் கிளையை வெட்டி இறக்கினேன். புல்லுருவி பிடித்த இடம் முழங்கால் மாதிரி வீங்கியிருந்தது. வேம்பு எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அக்கா அதைத் தடவிப் பார்த்தார். பிறகு நம் செடியின் வேரையும் தடவிப் பார்த்தார்.

“அடப்பாவி, நான் ஊத்துன தண்ணி அம்புட்டையும் இதுல்ல குடிச்சிருக்கு!” என்று வெட்டிய கிளையைத் திட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, “அந்தப் பூரான் இருந்துட்டுப் போகட்டும். ஆனா மொதப் பூ ஆத்தாளுக்கு” என்றார்.

உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். சண்டைக்கு வராதீர்கள். பூ மஞ்சளில் பழுப்புக் கோடு போட்டு இருக்குமாம், வாசமும் உண்டாம். இன்னும் வரவில்லை. வேர் நுனிகள் மட்டும் புதிதாக நீண்டிருக்கின்றன.

அன்று அக்கா குடத்தைக் காலி செய்துவிட்டு உள்ளே போனார். அம்மாவும் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கொஞ்சம் சாணியில் மஞ்சள் தூளைக் குழைத்து எடுத்துக்கொண்டு மறுபடி மரத்தில் ஏறி, வேம்பில் வெட்டுப்பட்ட இடம் அழுகாமல் ஆற அப்பிவிட்டு இறங்கினேன்.