மெஷின் படிக்கவில்லை என்றேன்

மெஷின் படித்தது. தெளிவாகத்தான் படித்தது. அதன் வாயை அடைத்தவன் நான். பிறகு, அது படிக்கவே இல்லை என்று பொய் சொன்னவனும் நான்தான். அந்தப் பொய்யால் என் வேலை தப்பியது. அம்பிகாவுக்குக் கிடைக்க இருந்த வேலை போயிற்று.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் வருவதெல்லாம் விளக்கம். விளக்கம் என்றாலே தப்பிக்கிற வழிதானே என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. பிறவியிலேயே அப்படியல்ல. மலேசியாவில், ஈப்போ நகரில் மாணிக்கம் அண்ணன் நடத்தும் பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தவன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகள் இன்றும் என் தோளில் இருக்கின்றன. கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். வண்டி ஓட்டுகிற அவசரத்தில் பாதி நாள் அதை விடவில்லை. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, ஒருநாள் நடுவிலும் இருட்டிவிட்டது.

வேறு முதலாளியாக இருந்திருந்தால் ஏதோ கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அண்ணன் அனுப்பவில்லை. "வண்டிதான் ஓட்ட முடியாது பாலா. வழி மறந்தா போச்சு? ஆபீஸ்ல வந்து உக்காரு" என்றார். பஸ் கேட்டு வருகிற மெயில்களைப் பார்த்துப் பதில் போடுவது என் வேலையானது. பார்த்து என்றா சொன்னேன்... கேட்டு. திரையில் வருவதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும்; அதைத்தான் ஆபீஸில் எல்லாரும் மெஷின் என்போம்.

எனக்குக் கீபோர்டு பழக்கியவள் அம்பிகா. பக்கத்து ஊரான பத்து காஜாவைச் சேர்ந்தவள், என்னைவிட இளையவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கம். மௌஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிடச் சொன்னாள். கீழ் அம்பை அழுத்தினால் அடுத்த மெயில். அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மெஷின் காதில் சொல்லும். எண்டர் தட்டினால் திறக்கும், படிக்கும். போதும் என்றால் கண்ட்ரோல், பேச்சு நின்றுவிடும். எஸ்கேப் தட்டினால் மூடும். டிலீட் தட்டினால் போய்விடும்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் மேய்ந்துவிடுகிறீர்கள். எங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையாக வரிசையில் நின்றுதான் வரும். அதனால் நாங்கள் இரண்டு வித்தைகள் பழகுகிறோம். ஒன்று, குரலின் வேகத்தைக் கூட்டுவது. என் மெஷின் பேசுவதை நீங்கள் கேட்டால் தகர டப்பாவில் அடைத்த வண்டு என்று நினைப்பீர்கள். இன்னொன்று, கேட்கும்போதே அறுப்பது. பாதியில் கண்ட்ரோல் தட்டி அடுத்ததற்குப் போவது.

இந்த அறுப்பதில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. பெயரைக் கேட்டதுமே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும் என்கிற தலைக்கனம். அம்பிகா எச்சரித்தாள். "அண்ணே, கடைசி வரி வரைக்கும் கேளுங்க. மனுஷங்க முக்கியமானத கடைசியிலதான் எழுதுவாங்க." நான் சிரித்தேன்.

ஆயர் தாவார் என்ற ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மகன் கல்யாணத்துக்குப் பஸ் பதிவு செய்திருந்தார். பையன் முதல் நாளே ஈப்போவில் தங்கிவிடுவான். அப்பா, அம்மா, சொந்தபந்தம் எல்லாம் விடிகாலையில் எங்கள் பஸ்ஸில் கோயிலுக்கு வர வேண்டும். நல்ல மனிதர். ஆனால் அவருடைய மெயில்கள்... சீட்டுக்கு உறை சுத்தமாக இருக்குமா, பஸ்ஸில் நாதஸ்வரம் போட முடியுமா, டிரைவர் சைவமா? ஒவ்வொன்றுக்கும் முன்னால் நலமறிய ஆவல் தொடங்கி நாலு பத்தி வரும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் இன்னொன்று வந்தது. திறந்தேன். அதே நலமறிய ஆவல். அண்ணன் வெளியே யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார், போன் வேறு அடித்தது. கண்ட்ரோல் தட்டினேன். எஸ்கேப். டிலீட்.

கடைசிப் பத்தியில், முகூர்த்தத்தை ஐயர் முன்னுக்கு மாற்றிவிட்டார், பஸ் ஆறு மணிக்குப் பதிலாக நாலு மணிக்கே வர வேண்டும் என்று எழுதியிருந்தார். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று விடிகாலை நாலு மணிக்கு அவர்கள் பட்டும் நகையுமாக வீட்டு வாசலில் நின்றார்கள். எங்கள் ஆபீஸ் பூட்டியிருந்தது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்துக் கார்களைத் தேடிப் பிடித்து அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தாலி ஏறிவிட்டது. பெற்ற தாய் இல்லாமல் அந்தப் பையன் தாலி கட்டினான்.

வாத்தியார் போனில் திட்டவில்லை. அழுதார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

போனை வைத்துவிட்டு அண்ணன் என் மேசைக்கு வந்தார். செருப்புச் சத்தத்திலேயே கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அன்று அது மெதுவாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"வாத்தியார் மெயில் போட்டேங்குறாரு. வந்துச்சா பாலா?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்வதற்குள் என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்கிற வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை எல்லாம் முன்னால் வந்து நின்றன. வேறு எங்கே போவேன்? பார்வையில்லாத பஸ் டிரைவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

"வந்துச்சு அண்ணே. ஆனா மெஷின் அத படிக்கல. தாண்டிப் போயிருச்சு. என்னான்னு தெரியாமலே அழிச்சிட்டேன்."

எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! நீங்கள் ஒரு பொய் சொன்னால் நாலு பேர் சரிபார்க்க முடியும். என் காதுக்குள் என்ன ஒலித்தது என்பதை யார் போய்ப் பார்ப்பது?

அண்ணன் கை என் தோளில் விழுந்தது. "மெஷினே படிக்கலன்னா நீ என்னா செய்வே. தாக் ஆப்பா லா, பரவால்ல விடு" என்றார். வாத்தியாரிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டார். எங்கள் பையனுக்குக் கண் தெரியாது ஐயா, மெஷின் ஏமாற்றிவிட்டது என்று சொன்னாராம். அதற்கு வாத்தியார், "அப்படியா... பாவம்" என்றாராம். பெற்ற மகன் தாலி கட்டியதைப் பார்க்க முடியாமல் போனவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருப்பேனா, தெரியாது.

அப்போது ஆபீஸில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. அம்பிகாவைப் பற்றி நான்தான் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவள் பத்து காஜாவில் ஒரு மசாஜ் கடையில் கால் பிடித்துவிடுகிறாள். பார்வையில்லாதவர்களுக்கு ஊர் ஒதுக்கிவைத்திருக்கிற வேலை அது. கட்டைவிரல் மூட்டு வீங்கி, காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்பாள். அண்ணனும் சரி, அடுத்த மாசம் வரச்சொல்லு என்று அரைவாசி ஒத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "அந்தப் பிள்ளதான உனக்குப் பழக்குனிச்சி? வந்து மெஷினப் பாக்கச் சொல்லு. அப்படியே வேலையையும் பேசிக்கலாம்."

 உலகத்திலேயே என் பொய்யைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்.

அம்பிகா புதுச் சுடிதார் சரசரக்க வந்தாள். அதையும் மீறி மசாஜ் கடையின் எண்ணெய் மணம் வந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டைத் தடவிப் பார்த்து, "ஒரு பக்கத்த நீங்க வச்சிக்குங்க அண்ணே" என்று இயர்போனின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். அண்ணன் எங்கள் பின்னால் நின்றார். திரையை நான் போடுவதே இல்லை; அவருக்கு விசைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எங்கள் இருவருக்கும் மெஷின் கேட்டது.

அழித்த மெயில்கள் இருக்கிற இடத்துக்குப் போனாள். அம்பு, அம்பு, அம்பு. ஒவ்வொன்றாக வந்தது. திறக்காத மெயில் என்றால் பெயருக்கு முன்னால் மெஷின் 'அன்ரீட்' என்று சொல்லும். விளம்பரங்கள் எல்லாம் அன்ரீட், அன்ரீட் என்று வந்தன.

வாத்தியார் பெயர் வந்தது. முன்னால் அந்தச் சொல் இல்லை.

அவள் விரல் நின்றது. ஒருமுறை மேலே போய், திரும்பக் கீழே வந்தாள். மறுபடியும் வாத்தியார் பெயர் மட்டும். திறந்து கேட்கப்பட்ட மெயில். மெஷின் எதையும் தாண்டவில்லை.

என் முழங்கை அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சு நின்றதை நான் உணர்ந்தேன். அவள் காத்திருந்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள்... எனக்குத் தெரியும். இயர்போனில் மெஷினும் பேசாமல் இருந்தது.

"என்னாம்மா, மெஷின் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?" என்றார் அண்ணன். "ரிப்பேர் பண்ண முடியுமா?"

நான் இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"சில நேரம் இப்படி ஆவும் பாஸ்" என்றாள் அம்பிகா. "திடீர்னு ஊமையாயிரும்."

"எப்ப ஆவும்னு சொல்ல முடியுமா?"

"முடியாது பாஸ்."

 அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, இதை நம்புங்கள். 

"தப்பா நெனச்சிக்காதம்மா. ஒரு மெஷின வச்சிக்கிட்டே ஒரு கல்யாணம் கெட்டுப் போச்சு. ரெண்டு மெஷின் வச்சா நான் எப்படி லா சமாளிப்பேன்? பாலா என்கிட்ட பழைய ஆளு, அவன விட முடியாது. உன்னைய..."

"பரவால்ல பாஸ். வெளங்குது."

அந்த நேரத்தில் கூட முடிந்திருக்கும். இல்லை அண்ணே, மெஷின் படித்தது, நான்தான் கேட்கவில்லை... இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அண்ணன் என்னைத் துரத்தியிருக்க மாட்டார்; அதை அவர் வாயாலேயே அப்போதுதான் சொல்லியிருந்தார். அப்படியென்றால் எதற்குப் பயந்தேன்? என் தோளில் விழுகிற அந்தக் கை இனி விழாது என்பதற்கா? ஒரு பெண்ணின் பிழைப்பை விட அந்தப் பரிதாபம் எனக்கு அவ்வளவு பெரிதாகப் போயிற்றா? வெட்கமாக இருக்கிறது.

கீழே அவளுடைய வாடகைக் கார் வரும்வரை அவளோடு நின்றேன். அவள்தான் பேசினாள்.

"தெறந்து கேட்டிருக்கீங்க."

"ஆமா."

"உங்களுக்காக நான் பொய் சொல்லல அண்ணே. கண்ணு தெரியாதவன் பொய் சொன்னான்னு ஆச்சுன்னா நம்ம மாதிரி ஆளுங்க யாரையும் அப்பறம் எவனும் நம்ப மாட்டான். மெஷின் மேல பழி போனா போவட்டும்னு நெனச்சேன்." மடக்கிய கைத்தடியை விரித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்னு அப்பறந்தான் தெரிஞ்சிச்சு."

கார் வந்தது. கதவைத் திறந்துவிடக் கை நீட்டினேன். அவளே திறந்துகொண்டாள்.

அந்த இடத்துக்குப் பார்வையுள்ள ஒரு பெண் வந்தாள். எனக்கு வருகிற மெயில்களை அவளும் ஒருமுறை பார்த்துவிடுகிறாள். அண்ணன் ஏற்பாடு. நான் ஒரு மெயிலைத் திறக்கும்போது 'அன்ரீட்' என்ற சொல் வருவதே இல்லை. எனக்கு முன்னால் வேறொரு கண் அதைத் தொட்டிருக்கிறது. இது நானே தேடிக்கொண்டது. குறை சொல்ல வாயில்லை.

சில மாதம் கழித்து அம்பிகா போன் செய்தாள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் மெயில் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாளாம். பார்வையில்லாதவர்களை வைத்துப் பழக்கமுள்ள முதலாளி என்று யாரோ சொல்லி, அந்த டாக்டர் மாணிக்கம் அண்ணனிடமே விசாரித்திருக்கிறார். அண்ணன் நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, ஆனால் அந்த மெஷின் சில சமயம் படிக்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. டாக்டர் பார்த்துக்கொண்டார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

இதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். பின்னால் கடைச் சத்தம் கேட்டது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கே அண்ணன்கிட்ட சொல்லிர்றேன் அம்பிகா" என்றேன்.  அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

"சொல்லுங்க. சொல்ல வேணாம்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள். "சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. சொல்லாம மட்டும் பண்ணாதீங்க."

மறுநாள் காலையில் சீக்கிரமே ஆபீசுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அண்ணன் வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை என் கையில் கொடுத்தார், தோளில் தட்டினார். கல்யாண விஷயத்துக்குப் பிறகு தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மெஷின் ஓகேவா பாலா?"

"ஓகே அண்ணே" என்றேன்.

இன்று காலையிலும் கேட்டார். அதையேதான் சொன்னேன். அம்பிகாவுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.