எட்டில் முடிந்த முகவரி

கணினி பழுதுபார்ப்பவளை நல்ல செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு இது புதிதல்ல.

பெட்டிக்குள் பெட்டி

பாக்கார் ஆராங் கடைவரிசையில் அச்சுக்கடை வைத்திருக்கும் குமார் எனக்குத் தம்பி மாதிரி. அவர் அழைப்பிதழ் அடிக்கும் தமிழ் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அது இருந்த கணினி செத்துப்போனது. புதிய கணினிக்குள் பழைய விண்டோஸை, மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர் கணினியாகக் குடிவைத்தேன். அதற்கு இணையம் இல்லை, வைரஸைத் தாங்காது. தன்னைச் சுமக்கும் கணினியோடு மட்டும் பேச ஒரு தனி வலையமைப்பு. உள்ளே அடித்த அட்டை அந்த வழியாக வெளியே வந்து அச்சாகும்.

குமார் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். "வயரே இல்லையேக்கா, எதுல போய் எதுல வருது? கதை விடாதீங்க லா!"

எட்டு ஆகாது

ஒரே வாரத்தில் எதுவும் வெளியே வரவில்லை என்று அழைத்தார். வெளிக்கணினிக்கு நான் கொடுத்த வலையமைப்பு முகவரி எட்டில் முடியும். போய்ப் பார்த்தால் அது ஒன்பதாகியிருந்தது.

"எட்டு சனி நம்பர்க்கா. காடி வாங்குனப்போ பிளேட் நம்பரையே கூட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன்."

வெளியே எண்ணை மாற்றினால் உள்ளே இருக்கும் கணினிக்கும் சொல்ல வேண்டாமா என்றேன்.

"அதுக்கு எதுக்குச் சொல்லணும்? அதுவும் என் கடைக்குள்ளதானே இருக்கு!"

நாற்காலியில் ஓர் அம்மா

பண்டார் பாரு பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா காலையிலிருந்து காத்திருந்தார். மோட்டார் விபத்தில் இறந்த மகனின் கருமாதி அட்டை அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அன்றே வாங்கிப் போனால்தான் சொந்தங்களுக்குக் கொடுத்து முடிக்க முடியும்.

"ஸ்கிரீனைப் படம் பிடிச்சு வாட்சாப்ல அனுப்பிடவா?" என்றார் குமார்.

"பெத்த பிள்ளை சாவை போன்லயா சொல்லுவாங்க? வாசல்ல போய் நின்னு கையில குடுக்கணும்யா."

ஒன்பதை மறுபடி எட்டாக்கினேன். குமார் அச்சுப்பொறியில் தாளை வைத்தார். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மகனின் பெயர் மேல் மை காய்வதற்கு முன்பே அந்த அம்மா விரலை வைத்துவிட்டார்.

"என்னம்மா கோளாறு?" என்று என்னைக் கேட்டார், பேச்சை எங்காவது திருப்ப வேண்டும் என்பதுபோல.

உள்ளே இருப்பது பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அந்த எண்ணில் யாரும் இல்லை என்றேன்.

அவர் தலையாட்டினார். "நானும் தெனம் அவன் நம்பருக்கு அடிச்சிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

பதில் வராவிட்டால் எண்ணைச் சரிபாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பிழைக்கும் தொழில் இது. அன்று ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.