அக்கா ஓடப் போன நாள்

சொந்தக்காரர் வீடுகள் சேர்ந்திருந்த எங்கள் வளவில் எந்தப் பெண்பிள்ளை தப்புச் செய்தாலும் பெரியவர்கள் கையைக் காட்டுவது பெரியப்பா மகளைத்தான். "அக்காளப் பாத்துக் கத்துக்கோ" என்பார்கள். ரோட்டில் தலை நிமிராமல் நடப்பாள். பன்னிரண்டாவது முடித்ததும் "படிச்சது போதும்" என்று பெரியப்பா சொன்னபோது ஏன் என்று கேட்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கம்பெனி வேனில் போய் அதே வேனில் திரும்புவாள். குண்டடம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துப் பேசியும் முடித்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அக்காவைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. எருமைக்குச் சோளத்தட்டு அறுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விடியக்காலத்தில் இருவரும் வாய்க்கால் மேட்டுக்குப் போவோம். ஆள் வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும். வந்தால் இரும வேண்டும். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவாள். கழுத்து நிமிர்ந்திருக்கும். ரோட்டில் பார்க்கிற அக்காவா இது என்று தோன்றும். எனக்கும் அப்படி ஓட வேண்டும் போலிருக்கும்.

போலீஸ் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கம்பெனித் தோழி ஒருத்தியோடு சேர்ந்து வீட்டுக்குத் தெரியாமல் மனுப் போட்டிருந்தாள். கோயமுத்தூரில் ஓட்டத் தேர்வு. பாவாடையோடு ஓட விடமாட்டார்கள் என்று, கம்பெனியில் மிஞ்சிய துணியில் ஒரு கால்சட்டை வெட்டித் தரச் சொல்லிக் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டிருந்தாள். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில்தான் வாடகைக்கு இருந்தார், அதே வேனில் போய்வருவார்.

வேனுக்குப் போகிறவள் மாதிரி கிளம்பி, பல்லடம் போய்க் கோயமுத்தூர் பஸ் ஏறி, சாயங்காலம் திருப்பூரில் வேனைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவது என்பது ஏற்பாடு. "யார் கேட்டாலும் சொல்லக் கூடாது கண்ணு" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வேன் வந்தது. அக்கா இறங்கவில்லை.

"எம் புள்ள எங்கப்பா?" என்றார் பெரியப்பா.

"காலையிலயே வரலீங்களே. லீவுன்னு நெனச்சேனுங்க" என்று டிரைவர் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "போன வாரம் அந்தக் கட்டிங் மாஸ்டர்கூடத்தான் பேசிட்டு நின்னுது. அவன் ஒரு பொட்டலம் குடுத்தான். நான் பாத்தேன்."

மாஸ்டர் அப்போதுதான் தன் ரூமைத் திறந்துகொண்டிருந்தார். நான்கு பேர் போய் இழுத்து வந்தார்கள். பெரியப்பா சட்டையைப் பிடித்தார்.

"எங்கடா வெச்சிருக்கற?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. காலையிலேருந்து கட்டிங் டேபிள்லதான் நிக்கேன்."

"பொட்டலத்துல என்னடா குடுத்த?"

பெண்பிள்ளைக்குக் கால்சட்டை வெட்டிக் கொடுத்தேன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வார்? முதல் அறை விழுந்தது. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. யாரோ தறிக்கூடத்துக்குள் போய் ஒரு கட்டையை எடுத்து வந்தார்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "உனக்கென்னமோ தெரியும். தெரிஞ்சாலும் வாயத் தொறக்காத சாமி. நாளைக்குப் பழி நம்ம மேல வரும்."

வெளியே அவர் "அம்மா" என்று கத்தினார். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

"பெரியப்பா, அவர உடுங்க! அக்கா ஓடப் போயிருக்குதுங்க!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். "ஓடிப் போச்சா? யார்கூட?"

"யார்கூடவும் இல்லீங்க. ஓடறதுக்கு. போலீஸ் வேலைக்கு ஓடிக் காட்டோணும்ல, அதுக்குங்க." சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படி இல்லை. வாய்க்கால் மேடு, தட்டு, இருமல், கால்சட்டை என்று தெரிந்ததையெல்லாம் அழுதுகொண்டே கொட்டினேன். பெரியப்பாவின் பிடி தளரவில்லை. ஆனால் கட்டை வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார்.

பல்லடத்திலிருந்து அடுத்த பஸ் வரும்வரை அப்படியே நின்றோம். பஸ் நின்றது. அக்கா மட்டும் இறங்கினாள். முழங்கை இரண்டும் சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. தேர்வு முடிய நேரமாகி வேனை விட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கூட்டத்தைப் பார்த்தாள், கிழிந்த சட்டையைப் பார்த்தாள். பெரியப்பாவிடம் போகவில்லை. நேராக மாஸ்டர் முன்னால் போய், இரண்டு கையும் கூப்பி, "என்னாலதானுங்க. மன்னிச்சுக்கங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் அப்பன் பக்கம் திரும்பினாள். பெரியப்பா ஓங்கி அறைந்தார். அவள் தலையைக் குனியவில்லை. நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடவை அவளை எடுக்கவில்லை. மாஸ்டர் அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டார். அக்காவைத் தவிர வேறு யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பொண்ணு ஒரு நாள் காணாமல் போனாள் என்று காதில் விழுந்ததும் குண்டடத்துக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பெரியப்பா அவளோடு பேச்சை நிறுத்தினார். "அவள மாதிரி ஆயிராத" என்று எனக்கும் மற்றப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லத் தொடங்கினார்கள்.

மறுபடி ஆள் எடுத்தபோது அக்கா வாசலில் நின்று, "நாளைக்குக் கோயமுத்தூர் போறேனுங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். காலையில் பார்த்தால் என் அம்மா தலை சீவிப் பூ வைத்துக் கிளம்பி நிற்கிறாள். "ஒண்டியாப் போனாத்தான பேசுவாங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். என்னையும் கூட்டிக்கொண்டாள்.

மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே வெயிலில் நின்றோம். விசில் ஊதியது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு தெரியல. அவ எங்க வர்றா, சொல்லு, சொல்லு" என்று உலுக்கினாள்.

"முன்னால வருதும்மா" என்றேன்.

அந்த வருடம் அவளை எடுத்தார்கள்.