பிடிபடக் காத்திருந்த கடத்தல்காரன்

என் மனைவியின் ஸ்கூட்டர் திருட்டுப் போனது கேரளத்தில், அகப்பட்டது தமிழ்நாட்டில். எங்கள் பாறசாலைப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு ரப்பர் தோட்டமும் ஒரு சாக்கடையும்தான் உண்டு. ஸ்கூட்டர் அதைத் தாண்டிப் போக ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. திரும்பி வர ஒரு வருஷம் போதவில்லை.

தனுவச்சபுரம் ஜங்ஷனில் நின்ற வண்டியை எவனோ எடுத்துக்கொண்டு போய்க் கஞ்சா ஏற்றி, அக்கரையில், அதாவது தமிழ்நாட்டில், மாட்டிக்கொண்டான். அவன் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டான். வண்டி அக்கரை ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிறது; கோவைக்கொடி கண்ணாடிவரை ஏறிவிட்டது. “உங்க ஸ்டேஷன்ல இருந்து எழுத்து வரணும்” என்பார்கள் அங்கே. “அவங்க மொதல்ல எழுதட்டு” என்பார்கள் இங்கே. அலைந்து அலைந்து இரண்டு இடத்திலும் எனக்கு நாற்காலி போடும் அளவுக்கு மரியாதை கூடியது. காரியம் மட்டும் நடக்கவில்லை. என் மனைவி காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கி, அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் கஞ்சா கடத்தியவன் நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

அப்போதுதான் அந்தப் பயிற்சி வந்தது. மாநிலம் தாண்டிய கூட்டுக் குற்றங்களை ஒடுக்குவது எப்படி என்று இரு மாநிலப் போலீசாருக்கும் அரசு வக்கீல்களுக்கும் பாறசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. காசர்கோட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது, வேலூர்க்காரருக்கு மலையாளம் தெரியாது. டுட்டோரியல் காலேஜில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு கரையும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறதே, ஸ்கூட்டரை வாங்கிவிடலாம் என்று போனேன்.

பயிற்சி நடத்திய அதிகாரி திருவனந்தபுரத்துப் பெண்மணி, நல்ல சிரிப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு, “கடைசி நாள் ரெண்டு பேரையும் பிடிச்சு இருத்தித் தரேன் சாரே. அதுக்கு முன்ன எனக்கு ஒரு உபகாரம். நாளைக்கு நிங்களாக்கும் கடத்தல்காரன்” என்றார். நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சலாம்.

ஏற்பாடு சுலபமானது. ரேஷன் அரிசி என்ற பெயரில் மரப்பொடி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு லோடு ஆட்டோவில் அக்கரையிலிருந்து ரப்பர் தோட்டத்து ஊடுவழியாக நான் இக்கரைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டு அணி எல்லைவரை துரத்தி, தகவல் சொல்ல வேண்டும். கேரள அணி மடக்க வேண்டும். ஆட்டோ என் பக்கத்து வீட்டுக்காரனுடையது, ஓட்டியதும் அவனே.

அந்த வழியில் நான் தினமும் பால் வாங்கப் போகிறேன். மிக மெதுவாகத்தான் வந்தோம். எல்லைக் கல்லோடு தமிழ்நாட்டு அணி, கோடு கிழித்ததுபோல நின்றுவிட்டது. கேரள அணி ஒரு புளியமரத்தடியில் நின்று, வந்த தகவல் முறைப்படி வந்ததா என்று விவாதித்துக்கொண்டிருந்தது. நான் கைகாட்டினேன். அவர்களில் ஒருவர் திரும்பிக் கைகாட்டினார்.

டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். பிடிக்க யாரும் வரவில்லை. இரண்டாவது டீயும் ஆறியது.

“சாரே, நம்மள யாருக்கும் வேண்டாம்னு தோணுது” என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

“பொறு. படிச்சவங்க, யோசிச்சுதான் வருவாங்க.”

“யோசிச்சு முடிக்கதுக்குள்ள நெசமாவே அரிசி கடத்தி வித்துரலாம். ஒரு நடை போவமா?”

என்ன செய்வதென்று துரத்தியவர்களையே கேட்கலாம் என்று வந்த வழியே திரும்பினோம். எல்லைக் கல்லில் அவர்களைக் காணவில்லை. அக்கரையில் காலெடுத்து வைத்ததும் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. ரோந்துப் போலீஸ்காரர் இருவர். பயிற்சிக்குப் போகாதவர்கள், பயிற்சி நடப்பதே தெரியாதவர்கள்.

“எலே, எறங்குலே! கேரளாவுலேர்ந்து மூட்டையா? கோழிக்கழிவா, ஆசுபத்திரிக் கழிவா?”

“மரப்பொடி” என்றேன்.

“வெள்ளையுஞ் சொள்ளையுமா வந்து சொல்லுக பேச்சப் பாரு. வண்டிய விடு, ஸ்டேஷனுக்கு.”

கடைசியில் பிடிபட்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என் மனைவியின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்.

பக்கத்து வீட்டுக்காரன் கோவைக்கொடியைப் பார்த்தான், தன் ஆட்டோவைப் பார்த்தான், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “சாரே, எனக்குப் பொழப்பே இதாக்கும்.”

நான் பெண் அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் மண்டபத்தில் இருந்த தமிழ்நாட்டு அதிகாரியிடம் சொன்னார். அவர் ஸ்டேஷனுக்குப் பேசினார். இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் கையில் ஆட்டோச் சாவியைக் கொடுத்து, “மன்னிக்கணும் சார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். எழுத்து இல்லை, கோர்ட் இல்லை, கையெழுத்து கூட இல்லை.

“அப்ப அந்த ஸ்கூட்டர்?” என்றேன்.

அவர் முகம் பழைய இடத்துக்குப் போனது. “அது நெஜக் கேஸு சார். உங்க ஸ்டேஷன்ல இருந்து எழுத்து வரணும்.”

கடைசி நாள் அதிகாரி வாக்கு தவறவில்லை. இரு கரைக்காரரையும் என் எதிரே உட்காரவைத்தார். இருவரும் அன்பாகப் பேசினார்கள். ஒருவர் மற்றவரிடம், “நீங்க எழுதுங்க, நாங்க உடனே பதில் எழுதறோம்” என்றார். மற்றவரும் அதையே, அதே அன்போடு, மலையாளத்தில் சொன்னார். மொழிபெயர்த்தது நான்தான். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி பொன்னாடையை மடித்து வைத்தாள். “ஒங்களுக்குக் கொஞ்சம் புத்தி உண்டும்னா, மூட்டைய அந்த ஸ்கூட்டர்ல கெட்டிக்கிட்டுல்லா கடத்தியிருக்கணும்” என்றாள்.

அடுத்த பயிற்சிக்கும் என்னையே கடத்தல்காரனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன், வாகனத்தை நான் தேர்ந்தெடுப்பேன், அது அக்கரை ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆலோசித்துச் சொல்கிறார்களாம். மனைவி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.