விளக்கு எரிந்தது, மைக் எடுக்கவில்லை: சாய்ந்தமருதுவுக்கு ஒரு சவுண்ட் காட் பயணம்

பெப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு சாய்ந்தமருதுவுக்குப் போய் வந்தேன். கடல் பார்க்கவும் போகவில்லை, கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. நான் எழுதிய மென்பொருள் ஒன்று அங்கே ஒருவர் வீட்டில் வேலை செய்யவில்லை. கொழும்பில் என் மேசையில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இரண்டு மாதம் வாட்ஸ்அப்பில் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, இனி நேரில் போனால்தான் சரி என்று கிளம்பினேன். கல்முனைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வழி விபரம் இதில் இருக்கிறது. லினக்ஸில் ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மைக் ஒன்றைக் கணினியில் நேரே செருக முடியாது. இடையில் யூஎஸ்பி சவுண்ட் காட் என்ற பெட்டி வேண்டும். அதைச் செய்கிற கம்பனிகளில் பல, விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் மென்பொருள் தந்துவிட்டு லினக்ஸைக் கண்டுகொள்வதில்லை. அதனால் என்னைப் போன்ற சிலர் வேலை முடிந்து வந்து, அந்தப் பெட்டி கணினியோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதற்கான டிரைவரை நாங்களே எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறோம். ஒரு பழைய பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அந்த மாடலுக்கு ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் பயன்படுத்துகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் சாய்ந்தமருது நௌஷாத்.

அங்கே அண்ணனை நானா என்பார்கள். நௌஷாத் நானாவுக்கு நாற்பத்து நான்கு வயது. இரண்டு கண்ணும் தெரியாது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக ஓடுமே விளம்பரம், புடவைக்கடை மலிவு விற்பனை, டியூஷன் வகுப்பு, புதுக் கடைத் திறப்பு, அவற்றுக்குக் குரல் கொடுத்துப் பதிவு செய்வது அவருடைய தொழில். அவர் லினக்ஸுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கம்பனி மென்பொருளில் எல்லாமே படமாக வரைந்த குமிழ்கள். திரையை வாசித்துச் சொல்லும் குரல் அங்கே போனால் “படம், படம்” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாது. லினக்ஸிலோ ஒவ்வொரு சுவிட்சுக்கும் எழுத்தில் ஒரு பெயர் உண்டு. குரல் பெயரை வாசிக்கும், அவர் விசையை அழுத்துவார், முடிந்தது. எனக்கு அவர் எழுதிய முதல் செய்தியே “நீங்க எழுதினத எனக்கு வாசிக்க ஏலுது” என்பதுதான். அதைப் பார்த்து அன்று நான் கொஞ்சம் மிதந்தது உண்மை.

அவருடைய மைக்குக்குப் பெட்டியிலிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் மின்சாரம் போனால்தான் உயிர் வரும். அதற்குப் பெட்டியில் பொத்தான் கிடையாது, மென்பொருளால்தான் போட வேண்டும். கரண்ட் போய் வந்தால் பெட்டி அதை மறந்துவிடும். அப்போதெல்லாம் அவருடைய மனைவி பரீனாவின் தம்பி இம்தியாஸ், நிந்தவூரிலிருந்து விண்டோஸ் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வந்து ஒரு கிளிக் செய்து கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு வருடமாக இப்படித்தான். டிசம்பரில் நான் அந்தச் சுவிட்சையும் டிரைவரில் சேர்த்தேன். நௌஷாத் நானா போட்டுப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிகிறது என்று பரீனா சொன்னார், ஆனால் மைக் எடுக்கவில்லை.

நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? வயரை மாற்றுங்கள் என்றேன். மனிதர் 1,800 ரூபாய்க்குப் புது வயர் வாங்கினார். பிறகு மைக் பழுதாக இருக்கும் என்றேன். “விளக்கு எரிகிறதுதானே, அப்படியென்றால் டிரைவரில் பிழை இல்லை” என்றும் எழுதினேன். அந்தச் செய்தியை இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “தங்கச்சி, மச்சான் வாற மாசம் பத்தாந் திகதி கட்டாருக்குப் போறார். நோன்பு வருது, பெருநாள் விளம்பரமெல்லாம் இனித்தான். கரண்ட் போனா எனக்குப் பொறகு ஆரும் இல்ல.” அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வியாழன் காலை 6.00 மணிக்குக் கோட்டையிலிருந்து மஹியங்கனை வழியாகப் போகும் அம்பாறை பஸ். டிக்கெட் 1,650 ரூபாய். என் சவுண்ட் காட்டையும் பையில் எடுத்துக்கொண்டேன். பையை மேலே வைக்கச் சொல்லி கண்டக்டர் மூன்று முறை கேட்டார், நான் மூன்று முறையும் மடியிலேயே வைத்திருந்தேன். மஹியங்கனையில் சோறு 450 ரூபாய், மீன் துண்டு பெரியது. மஹியங்கனைக்கு முன்னே வரும் மலை வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் சாப்பாட்டைக் கீழே இறங்கிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பிற்பகல் 2.40க்கு அம்பாறை.

அங்கிருந்து கல்முனை பஸ் பிடித்தேன், 160 ரூபாய். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. மாவடிப்பள்ளியில் பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள், பஸ் மீதிப் பாதியில் ஊர்ந்தது. சாரதி அவசரப்படவில்லை, பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பினால் அடுத்தது சாய்ந்தமருதுதான்.

இறங்கி ஓட்டோக்காரர் ஒருவரிடம் நௌஷாத் வீடு என்றேன்.

“எந்த நௌஷாத்? விளம்பரத்துக்குக் கதைக்கிற நௌஷாதா?”

“ஓம், அவர்தான்.”

“ஏறுங்க. அவர்ட குரலத்தான் நாலு வருசமாத் தலைக்கு மேல கட்டிட்டு ஓடுறன்” என்றார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. கட்டணம் 200 ரூபாய்.

பரீனா வாசலிலேயே நின்றார். “வாங்க புள்ள, உள்ள வாங்க. முதல்ல தேத்தண்ணி குடிங்க, மறுகா பெட்டியப் பாக்கலாம்” என்றார். நௌஷாத் நானா அதற்குள் பெட்டியை மேசையில் எடுத்து வைத்துவிட்டார். உயரமான மனிதர், பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பெட்டியின் பிளக்கைக் கழற்றி மாட்டினார். விசைப்பலகையில் நாலைந்து தட்டு, குரல் சுவிட்சின் பெயரை வாசித்தது, போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இதோ எரியுதே” என்றேன், என்னையறியாமல்.

“எனக்கு லைட்டப் பத்தித் தெரியா தங்கச்சி. ஹெட்போனப் போட்டுட்டு மைக்கத் தட்டுங்க.”

தட்டினேன். ஒன்றுமில்லை. வயரையும் மைக்கையும் இரண்டு மாதமாகக் குற்றம் சொன்னவள் அல்லவா, என் பையிலிருந்த பெட்டியை எடுத்து அவருடைய லப்டொப்பில் மாட்டி, அதே மைக்கை அதில் செருகினேன். கொழும்பில் ஒழுங்காக ஓடிய அதே பெட்டி. விளக்கு எரிந்தது. தட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை.

நௌஷாத் நானா என் பெட்டியின் பிளக்கை விரலால் தடவிப் பார்த்தார். “உங்கட ஊட்ட கரண்ட் போறல்லையா?”

“போகும். யூபிஎஸ் இருக்கு.”

“அப்ப இந்தப் பெட்டிய இதுக்கு முதல் எப்ப கழட்டினீங்க?”

ஒரு வருடமாக நான் அதைக் கழற்றியதே இல்லை. கொழும்பில் உள்ள என் மேசைக் கணினியில் விண்டோஸும் இருக்கிறது. கம்பனி மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக விண்டோஸில் நாற்பத்தெட்டு வோல்ட்டைப் போட்டுவிட்டு, கணினியை லினக்ஸில் மறுபடி திறந்து என் டிரைவரைச் சோதித்திருக்கிறேன். பெட்டிக்குத் தனி அடப்டர் என்பதால் அது அணையவே இல்லை. மின்சாரத்தைப் போட்டது கம்பனி மென்பொருள். என் டிரைவர் விளக்கை மட்டும்தான் போட்டிருக்கிறது.

“போட்டது சரி, நிப்பாட்டிப் பாக்கல்லையா?” என்று கேட்டார்.

“பார்த்தேன். விளக்கு அணைஞ்சிது.”

“மைக்கத் தட்டினீங்களா?”

தட்டவில்லை. விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒலிக்காக எழுதிய மென்பொருளைக் கண்ணால் சோதித்துவிட்டு, காதால் சோதித்த மனிதரிடம் உங்கள் மைக் பழுது என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அந்த நிமிடம் எனக்கு இருந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க, இப்ப பிடிபட்டிட்டுத்தானே” என்றார். பரீனா மட்டும் “அந்த வயர்ட காசுக்கு ஒரு நாளைக்குப் பாரை மீன் வாங்கித் தாங்க” என்று சிரித்தார்.

அன்று கல்முனையில் ஒரு தங்குமிடத்தில் அறை எடுத்தேன், ஃபேன் அறை 3,500 ரூபாய். கையோடு கொண்டுவந்த லப்டொப்பில் விண்டோஸ் இல்லாததால் மறுநாள் இம்தியாஸ் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அவர் பயண அலுவல்களில் ஓடிக்கொண்டிருந்தார், ஜும்ஆத் தொழுகை முடிந்துதான் வர முடியும் என்றார். வெள்ளி காலை கடற்கரையில் நடந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் பாதிக்கு மேல் பூட்டியிருந்தது, நல்ல வேளையாக ஒரு சின்னக் கடையில் ஆப்பம் கிடைத்தது.

இம்தியாஸ் 2.15க்கு வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும், தலையில் இன்னும் தொழுகைத் தொப்பி. லப்டொப்பைத் திறந்து அவர் வழக்கமான கிளிக்கைச் செய்ய, நான் யூஎஸ்பியில் ஓடுவதைப் பதிவு செய்தேன். இந்த முறை பெட்டியைக் கழற்றி மாட்டிவிட்டு. கம்பனி மென்பொருள் பெட்டிக்கு இரண்டு செய்தி அனுப்புகிறது. முதலாவது, நாற்பத்தெட்டு வோல்ட் வேண்டும் என்று எழுதி வைப்பது. விளக்கு அதைப் பார்த்து எரிகிறது. இரண்டாவது மிகச் சிறியது, எழுதி வைத்ததை இப்போது செய் என்பது. அந்த இரண்டாவதைக் கொழும்பிலும் கண்டிருக்கிறேன். வெறும் வழக்கச் செய்தி என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

ஆறு வரி எழுதினேன். நௌஷாத் நானாவின் பழைய லப்டொப் அதை ஓடக்கூடிய டிரைவராகக் கட்டி முடிக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. அதற்குள் சோறும், அங்கே ஆணம் என்கிற மீன் குழம்பும் வந்துவிட்டன, ஒருவரும் தொடவில்லை.

பிளக்கை நௌஷாத் நானாவே கழற்றினார். இருபது வரை மெதுவாக எண்ணினார். மாட்டினார். விசைகளைத் தட்டினார், குரல் பெயரை வாசித்தது, போட்டார். நான் பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டாமல், திரும்பவும் பிளக்கைக் கழற்றினார். மறுபடி இருபது. ஏழு முறை அப்படிச் செய்தார். ஏழாவது முறைக்குப் பிறகு ஹெட்போனை என் பக்கம் நீட்டிவிட்டு மைக்கில் சாதாரணமாகச் சொன்னார்: “பரீனா, சோத்தப் போடுங்க.” அந்தக் குரல் என் காதுக்குள் அவ்வளவு தெளிவாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இம்தியாஸ் லப்டொப்பை மூடினார். “அப்ப இனி எனக்கு இஞ்ச வேல இல்ல, என்ன மச்சான்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது.

“வேல இல்ல” என்றார் நௌஷாத் நானா. “ரெண்டு வருசமா நீங்க வந்த நேரமெல்லாம் நான் கூப்பிட்டு வந்ததுதான். லீவுல வரக்குள்ள நான் கூப்பிடாம வாங்க.”

திருத்தத்தை அனுப்பும்போது கீழே சோதித்தவர் பெயரை ஒரு வரியில் எழுதுவது லினக்ஸ்காரர்களிடையே வழக்கம். டிசம்பரில் அந்த வரியை நான் எழுதவில்லை, போட ஒரு பெயரும் இல்லை. இந்த முறை நௌஷாத் நானாவின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். “மச்சான்ட பேரையும் சேத்துப் போடுங்க” என்றார். இரண்டு பெயரும் போயிருக்கின்றன.

சனிக்கிழமை காலை 7.15க்குக் கல்முனையிலிருந்து நேரடி பஸ் ஏறினேன், 1,900 ரூபாய், பத்தரை மணித்தியாலம்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமையை அலுவலுக்கு நம்ப வேண்டாம், ஜும்ஆவுக்குப் பிறகுதான் ஊர் மெல்லத் திறக்கும். அறுவடைக் காலத்தில் அம்பாறையிலிருந்து காரைதீவுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நோட்டுகள் கையில் இருக்கட்டும். லினக்ஸில் ஒலிப்பதிவு செய்ய சவுண்ட் காட் வாங்குகிறவர்கள், நாற்பத்தெட்டு வோல்ட்டுக்குப் பெட்டியிலேயே பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பாதித் தலைவலி போய்விடும். எங்கள் மாடலை வைத்திருப்பவர்கள் திருத்தம் அதிகாரபூர்வமாகச் சேரும்வரை லினக்ஸின் மையமான கேர்னலை அப்டேட் செய்ய வேண்டாம், செய்தால் பழைய டிரைவர் திரும்பி வந்துவிடும். டிரைவர் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிளக்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் அவரை நம்புங்கள்.

நோன்பு தொடங்கி நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. போனில் பேசியதல்ல, மைக்கில் எடுத்தது. முதலில் தொண்டையைச் செருமும் சத்தம், பிறகு அந்த நிதானமான குரல்.

“கரண்ட் காலைல போய் இப்பதான் வந்த. மச்சான் கட்டாருல. பரீனா அவட உம்மாட ஊட்ட போயிருக்கா. ஊட்ட நான் மட்டும்தான், தங்கச்சி. ஆரையும் கூப்பிடல்ல.”

இரண்டு செக்கன் இடைவெளி விட்டுவிட்டு, பெருநாள் புடவை விளம்பரத்தைத் தொடங்கிவிட்டார்.