வெந்நீர் அசனம்

பர்மிங்ஹாமிலிருந்து திரும்பி வந்த தேவமணியிடம் கிருபாபுரத்தார் முதலில் கேட்டது, அங்கே சோறு கிடைத்ததா என்பதைத்தான். "கிடைச்சுது. ஆனா நாங்களேதான் பொங்கணும்" என்றாள். கேட்டவர்களுக்குச் சப்பென்று போயிற்று. கடல் தாண்டிப் போய் இரண்டு வருஷம் இருந்தவள் சமையலா படித்துவிட்டு வந்தாள்?

ஒரு வகையில் அதுதான் உண்மை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிய ஊர் கிருபாபுரம். தேவமணியின் தகப்பனார் அங்கே சபையின் உபதேசியாராக இருந்து காலமானவர். அவள் பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மிஷன் அம்மையார் ஒருவர் அவளை 1911இல் மேற்பயிற்சிக்குச் சீமைக்கு அனுப்பினார்.

அங்கே வகுப்பில் சுகாதாரமும் குழந்தை வளர்ப்பும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அவளுக்குள் ஆழமாகப் பதிந்தது விடுதிச் சமையற்கட்டு. நார்வேக்காரி, சீனத்துப் பெண், ஜமைக்காவிலிருந்து வந்தவள் என்று பல தேசத்துப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். வாரத்துக்கு ஒருத்தி சமையற்கட்டுக்குத் தலைவி. வாரக் கடைசியில் அவள் எல்லார் முன்னாலும் நின்று, தன் நிர்வாகத்தில் எது கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். தேவமணி தன் முதல் வாரத்தில் கஞ்சி அடிப்பிடித்ததற்கு அடுப்பைக் குறை சொன்னாள். "அடுப்பா இங்கே தலைவி?" என்று கேட்டாள் சீனத்துப் பெண். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அன்றிரவு அழுதாலும், அடுத்த முறை பழியை அடுப்பின் மேல் போடவில்லை.

ஊர் திரும்பிய அதே வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. பண்டிகையன்று தேவாலய முற்றத்தில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு அசனம் என்று பெயர். வீட்டுக்கு வீடு அரிசி வரும், வசதியுள்ளவர்கள் ஆடு கொடுப்பார்கள், சுற்றுவட்டாரத்து இந்துக் குடும்பங்களும் வந்து உட்காரும். அந்த வருஷம் அரிசியும் வந்தது, ஆடுகளும் வந்தன, கூடவே ஒரு செய்தியும் வந்தது. ஆற்றின் மேல்பக்கத்து ஊர் ஒன்றில் வாந்திபேதி கண்டு ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

குருவானவர் அசனத்தை நிறுத்திவிடலாம் என்றார். அசனப் பொறுப்பாளர் ஞானசிகாமணி கொதித்துப்போனார். மீசையும் குரலும் பெரிதாக வாய்த்த மனிதர், தேவமணிக்குத் தாய்மாமன் முறை.

"எங்க அப்பா காலத்துல வெள்ளம் வந்துச்சு, அப்பவும் அசனம் நிக்கல. இப்ப பேதிக்குப் பயந்து நிறுத்தணுமோ?" என்றவர், தேவமணியின் பக்கம் திரும்பினார். "சீமையில படிச்ச பிள்ள இருக்கே, அது சொல்லட்டும்."

தேவமணி கொஞ்சம் யோசித்தாள். "நடத்தலாம் மாமா. ஆனா பொங்குறதும் குடிக்கிறதும் எல்லாம் காய்ச்சின தண்ணியா இருக்கணும். அதுக்கு நான் பொறுப்பு."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீட்டுக்கு நடக்கும்போது தோன்றியது. யாருக்காவது நோய் கண்டால் அந்தச் சாவு அவள் கணக்கில்தான் எழுதப்படும். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லும் சுகாதாரப் பாடத்தை எந்தப் பெண்ணும் காதில் வாங்க மாட்டாள்.

அசனத்துக்கு முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் காய்ந்தது. வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவந்த இசக்கிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுதீகளே டீச்சரம்மா, ஆத்துக்குக் காய்ச்சலா?"

"உங்களுக்கு வந்துரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி."

"அப்ப என் மாட்டுக்கும் ஒரு வாளி வெந்நி குடுங்க. அதுவும் பெண்டாட்டி பிள்ளைக்காரந்தான்."

அண்ணன் மனைவி சாலோமி அடுப்படியில் புகைக்குள் நின்று, காய்ந்த தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் பெரிய மண்தொட்டிகளில் நிரப்பினாள். மூடிய தொட்டிகளுக்கு ஆள் காவல். மோருக்கும் அந்தத் தண்ணீரே. தேவமணி எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் நண்பகல் முதல் பந்தி உட்கார்ந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம். காய்ச்சின தண்ணீரில் சோறு ருசிக்காது என்று ஒரு பேச்சு அடிபட்டதால், தேவமணியே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வாழைத்தோட்டத்திலிருந்து அப்போதுதான் அறுத்த இலையை அவள் முன்னால் விரித்தார்கள். பக்கத்துப் பெண்ணிடமிருந்து ஒரு செம்பு வந்தது. தேவமணி செம்பைச் சாய்த்தாள், இலையில் தண்ணீர் தெளித்தாள், கையால் துடைத்துவிட்டாள்.

துடைத்த கை அப்படியே நின்றுபோனது.

இது என்ன தண்ணீர்?

வாசலில் கை கழுவவும் இலைக்குத் தெளிக்கவும் வைத்திருந்த அண்டாவின் தண்ணீர். கால்வாயிலிருந்து காலையில் நேரே மொண்டு ஊற்றியது. இரண்டு வருஷம் பீங்கான் தட்டில் சாப்பிட்டவளுக்கு, இலைக்கு ஒரு தண்ணீர் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. கைக்குத்தான் நினைவு இருந்தது. வரிசை முழுக்க ஈர இலைகள் மினுங்கின. அந்தக் கடைசியில் சோற்றுக் கூடைகள் புறப்பட்டுவிட்டன.

அவள் எழுந்து நின்றாள். "சோறு போடாதீங்க! யாரும் இலையில கை வைக்காதீங்க!"

ஞானசிகாமணி ஓடிவந்தார். "ஏ பிள்ள, என்னட்டி இது? பசிச்ச சனம் உக்காந்துருக்கு. கூச்சல் போட்டா மிதிபட்டே செத்துருவானுவ."

"மாமா, இலைத் தண்ணிய நான் மறந்துட்டேன். கை கழுவுன தண்ணியும் பச்சைத் தண்ணி."

அவர் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாத. ஏதாச்சும் ஜெபம் பண்ணச் சொல்லிட்டு, பைய இலைய மாத்திருவோம்" என்றார்.

தேவமணி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தேவாலயப் படியின் மேல் ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க. தப்பு என்னுது. இலைக்கும் கைக்கும் வச்ச தண்ணிய நான் காய்ச்சச் சொல்லல. இப்ப சரி பண்ணணும், நான் ஒருத்தியா முடியாது. ஒரு வரிசைக்கு ஒரு ஆள நீங்களே சொல்லுங்க. அவங்க சொல்லுறத அந்த வரிசை கேக்கட்டும்."

கூட்டத்தில் தலைகள் இங்குமங்கும் திரும்பின. பிறகு ஒவ்வொரு வரிசையிலும் பெயர்கள் கிளம்பின. "எங்களுக்கு வன்னியராஜு!" "எங்களுக்குச் சந்தனமாரி அக்கா, அவ சத்தத்துக்கு மாடே நிக்கும்!" சிரிப்பு எழுந்தது. சிரிக்கிற கூட்டம் மிதிக்காது என்று தேவமணிக்குத் தெரியும்.

அடுத்த பந்திக்காக உலை கொதித்துக்கொண்டிருந்தது. வரிசைக்காரர்கள் வாளியில் கொதிநீரை மொண்டு வந்து இலைகளின் மேல் ஊற்றினார்கள். பச்சை இலை கறுத்துச் சுருங்கி, கட்டுச்சோற்று வாசம் முற்றம் முழுக்க எழுந்தது. குடிக்க வைத்திருந்த ஆறின தண்ணீரால் எல்லாரும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சோப்பைப் போட்டு மறுபடியும் கை கழுவினார்கள். இசக்கி வாசல் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வாட்டின இலையில திங்கணும்னு தெரிஞ்சிருந்தா வழிப்பயணமே போயிருப்பேன்" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"பேசாமத் தின்னும் வே, மேலோகப் பயணம் போவாம இருக்கத்தான் வாட்டிக் குடுக்கு" என்றாள் சந்தனமாரி.

அசனம் முடிந்தது. தேவமணிக்கு முடியவில்லை. யாராவது இலையைத் தொட்ட விரலை வாயில் வைத்திருந்தால்? அன்று முதல் காலையும் மாலையும் தெருத்தெருவாக நடந்து வீடு வீடாக விசாரித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஈர இலைகள்.

மூன்றாம் நாள் இசக்கி மூச்சிரைக்க வந்தான். "பெரியவருக்கு வாந்தி. வெளிக்கும் போவுது."

தேவமணி ஓடினாள். ஞானசிகாமணி கட்டிலில் சுருண்டு கிடந்தார். கையைப் பிடித்துப் பார்த்தாள், சூடு இருந்தது, நாடி திடமாக ஓடியது. கண் குழி விழவில்லை. கழிச்சல் அரிசி களைந்த தண்ணீர்போல் இருக்கிறதா என்று அவர் மனைவி எலிசபெத்திடம் கேட்டாள். இல்லை என்றாள் அவள். வாந்திபேதியின் அடையாளம் ஒன்றும் காணோம்.

"என்ன சாப்பிட்டாக அத்தை?"

எலிசபெத் புருஷனை முறைத்தாள். "சொல்லும். ஏன் வாய் அடைச்சுப் போச்சு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எலிசபெத்தே சொன்னாள்: "அசனத்துல மிஞ்சுன கறியச் சட்டியோட தொழுவத்துல ஒளிச்சு வச்சு, மூணு நாளாச் சுண்டவச்சுச் சுண்டவச்சுத் தின்னுருக்காரு. நேத்துச் சூடு பண்ணக்கூட இல்லியாம்."

தேவமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையாகத்தான் ஆரம்பித்தது, சிரிப்பாக முடிந்தது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை அவளே கொடுத்தாள். சாயங்காலம் அவர் ஊறுகாய் கேட்டதாகச் செய்தி வந்தது.

அந்த வாரம் கழிந்தது. கிருபாபுரத்தில் ஒருவருக்கும் வாந்திபேதி காணவில்லை. சனிக்கிழமை சபைக் கமிட்டி கூடியபோது ஞானசிகாமணி, கொஞ்சம் இளைத்த மீசையோடு, அடுத்த வருஷ அசனத்துக்குத் தேவமணிதான் பொறுப்பு என்றார். "தப்ப மூடி வைக்கச் சொன்னேன். கேட்டிருந்தா இப்ப எத்தனை குழி தோண்டியிருப்போமோ" என்றார். இதற்கு முன் அவர் கமிட்டியில் எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

செய்தியைச் சாலோமி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தேவமணி பாயில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆராதனைக்கு முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. உபதேசியார் மகள் கோயிலுக்கு வராத ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவளை யாரும் எழுப்பவில்லை.