வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி

மூளைக்கு மின்சாரம் கொடுத்து மனநோயைத் தீர்ப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஜனங்கள் கரண்டுக்குத்தான் பயப்படுவார்கள். அது சில விநாடி, ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. பயப்பட வேண்டியது அதற்கு முன் கொடுக்கும் மயக்க மருந்துக்கு. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆளே போய்விடலாம்.

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். கொழுந்து எடுப்பவள். மூன்று மாதமாகப் பேச்சில்லை, எந்த மருந்துக்கும் அசையவில்லை.

"சோறு எறங்கல டாக்டர். தேத்தண்ணி ஊட்டுனா மட்டும் முழுங்குறா," என்றார் கணவர்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். பால் ஊற்றிய தேத்தண்ணி வந்தது. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் மருத்துவமனைக்கு, மின்சார சிகிச்சைக்காக வாரம் இரண்டு நாள், அதிகாலையில் எஸ்டேட் வேனில் கணவர் அவளைக் கூட்டி வருவார். நள்ளிரவுக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று நான் தமிழில் எழுதிக் கொடுத்த தாள் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் நானே கேட்பேன்.

"வெறும் வயிறுதானே?"

"வெறும் வயிறுதான் டாக்டர்."

முதல் ஐந்து முறையும் நல்லபடியாகக் கண் விழித்தாள். ஆனால் பேசவில்லை.

ஆறாவது முறை மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு நின்றார். வழக்கம்போல் கேட்டேன், கணவர் வழக்கம்போல் பதில் சொன்னார். அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தேத்தண்ணி குடிச்சேனே."

அவள்தான். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் அழத் தொடங்கிவிட்டார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊசியைத் தடுத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினேன்.

"இன்னிக்கு மட்டுமா குடுத்தீங்க?"

"எல்லாத் தடவையும்தான் டாக்டர். வேன் ஏற முன்ன, பால் ஊத்தி. அது தண்ணிதானேலா," என்றார், கண்ணைத் துடைத்தபடி.

அவர் பொய் சொல்லவில்லை. லயத்தில் விடியற்காலைத் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதைக் குடித்த பிறகும் வயிறு வெறும் வயிறுதான். வெளியூர் டாக்டர் என்றால் தெரியாமல் போயிற்று என்று தப்பிக்கலாம். எனக்கு என்ன சாக்கு? ஐந்து முறை அவளைச் சாவின் வாசல்வரை அனுப்பியிருக்கிறேன். அவள் திரும்பி வந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அன்றைய சிகிச்சையை நிறுத்தினேன். இருவரையும் என் அறைக்குக் கூட்டிப்போய், அந்தத் தாளில் 'தேத்தண்ணியும் கூடாது' என்று எழுத உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொகம் வெளுத்துக் கெடக்கே. டாக்டர் இன்னும் பசியாறலையா?"

"இல்லம்மா. வெறும் வயிறுதான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் மேசை ஓரத்தைப் பார்த்தேன். காலையில் வந்ததும் நான் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை அங்கே இருந்தது.